மயில் இறகுக்கு வனத்துறைச் சான்று கேட்டார்கள்: தெருவோர வியாபாரி அட்டை வாங்கிய அனுபவம்

ஒருவழியாக அம்மா பெயருக்குத் தெருவோர வியாபாரி அட்டை வந்துவிட்டது. எங்கள் நரிக்குறவர் குடியிருப்பில் இன்னும் பலர் இதற்காக அலைகிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பாஸ்புக் எல்லாம் வழக்கம்போலத்தான், அதில் ஒரு சிக்கலும் இல்லை.

முதல் சிக்கல் கணக்கெடுப்பு. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி என்று செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் பாசிமணி விற்பதுதான் அம்மாவின் பிழைப்பு. திருவிழா என்றால் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, பழனி என்று கிளம்பிவிடுவோம். ஒரு பேரூராட்சியில் வியாபாரிகளைக் கணக்கெடுத்தபோது நாங்கள் தைப்பூசத்துக்குப் பழனியில் இருந்தோம். திரும்பி வந்து கேட்டால், "லிஸ்ட்ல பேர் இல்ல, அடுத்த கணக்கெடுப்புல பாத்துக்கலாம்" என்றார் எழுத்தர். அம்மாவை "நீ வெளியில நில்லு" என்று வேறு சொன்னார். அம்மாவுக்கு மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு.

அடுத்த கணக்கெடுப்பு என்றால் ஐந்து வருடம்கூட ஆகலாம். ஆனால் 2014-ஆம் வருடத் தெருவோர வியாபாரிகள் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் ஒருவர் கேட்டாலும் நகர விற்பனைக் குழு அட்டைக்கான விற்பனைச் சான்று தரலாம், ஒரே இடத்தில் உட்காராமல் சுற்றி விற்பவர்களுக்கும் தரலாம். வாயால் கேட்காதீர்கள், மனுவில் எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள். முத்திரை விழுந்த பிறகுதான் எங்களை உட்காரச் சொன்னார்கள்.

அப்புறம்தான் பெரிய தலைவலி. என்ன பொருள் விற்கிறீர்கள் என்ற இடத்தில் பாசிமணி, ஊசி, பின், மயில் இறகு என்று எழுதியிருந்தோம். மயில் இறகைப் பார்த்ததும், "வனத்துறையில தடையில்லாச் சான்று வாங்கிட்டு வா" என்றார் அதே எழுத்தர். வெயிலில் பஸ் மாறி வனத்துறை அலுவலகம் போனோம். அங்கே இருந்தவர் அமைதியாகத்தான் பேசினார். மயில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, கொன்றாலோ பிடித்தாலோ ஜெயில். தானாக உதிர்ந்த வால் இறகை உள்நாட்டில் விற்பதற்குத் தடை இல்லை, அதனால் இப்படி ஒரு சான்றே நாங்கள் கொடுப்பதில்லை என்றார். சரி, அதையே எழுதிக் கொடுங்கள் சார் என்றால், எழுதித் தர முடியாது. இங்கே கேட்பது அங்கே கிடையாது, அங்கே சொல்வது இங்கே செல்லாது. அன்று ஒரு நாள் வியாபாரமும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் அந்தச் சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, உதிர்ந்த இறகு மட்டும்தான் விற்போம், நரிக்கொம்பு, நரிப்பல் எதுவும் விற்க மாட்டோம், வெளிநாட்டுக்காரர்களுக்கு மயில் இறகு கொடுக்க மாட்டோம் என்று நானே உறுதிமொழி எழுதி அம்மாவிடம் கைநாட்டு வாங்கி, செயல் அலுவலரிடம் நேராகக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு மனுவைக் குழுவுக்கு அனுப்பச் சொன்னார். எழுத்தர் வாயே திறக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் விஷயத்தை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். மயில் இறகை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், நல்ல விலையும் கொடுப்பார்கள். ஏர்போர்ட்டில் அவர்கள் மாட்டினால் பழி எங்கள் தெருவுக்குத்தான் வரும். பாசியை எடுத்துக் காட்டுங்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-இல் அறிவிக்கப்பட்டது. பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை, வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. அருமையான விஷயம், அந்த ஊர் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்கள் தாத்தா காலத்தில் கொக்கும் மடையானும் வலையில் பிடித்துத்தான் சாப்பிட்டோம். எங்கள் வீட்டில் அந்த வலையை விட்டு ஒரு தலைமுறை ஆகிறது. ஆனாலும் நத்தைகுத்தி நாரை பார்க்க நாங்கள் கண்மாய்க்கரையில் நின்றால் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். விட்டவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை வேண்டாமா?

இன்னும் சில. போன வருடம் அம்மாவின் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தபோது கருகமணிச் சரமும் ஸ்படிகச் சரமும் பின்னிக்கொண்டு, நரம்பு அறுந்து, பாதி மணி கூடையின் அடியில் கிடந்தது. அம்மா தாம்பாளத்தில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்து, குறடால் ஒவ்வொரு கொக்கியையும் நிமிர்த்தினார். பொருளை எடுத்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும், கெட்டுப்போகாத பொருளை நாம் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று தெருவோர வியாபாரிகள் சட்டமே சொல்கிறது. பட்டியல் கேளுங்கள்.

2023 ஜனவரியில் நாம் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தாகிவிட்டது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று போட்ட பழைய சான்றை வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். புதுச் சான்று தருவது கோட்டாட்சியர், தாசில்தார் இல்லை. அட்டை கொடுக்கும்போது பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் முன்னுரிமை உண்டு, மனுவில் அதையும் எழுதுங்கள்.

தெருவோர வியாபாரிகள் சட்டம் நகரத்துக்கும் பேரூராட்சிக்கும்தான். ஆத்தங்குடி போன்ற ஊராட்சிகளில் அட்டையைக் காட்டிப் பயனில்லை, அங்கே ஊராட்சி அலுவலகத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அம்மாவோடு போகிறேன்.