நெல்சன் எட்டிப் பார்த்த பட்டறை

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் கப்பல் பார்க்கப் போவார்கள். நான் கப்பி பார்க்கப் போனேன். கிணற்றில் தண்ணீர் சேந்த மாட்டியிருப்போமே, அதே கப்பிதான்.

கோவை கணபதியில் முப்பத்தொரு வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுப்பது தொழில். மகள் கில்ட்ஃபோர்டில் வேலை பார்க்கிறாள். ஜூன் மாதம் நானும் வீட்டம்மாவும் போயிருந்தபோது, "எங்கப்பா போகணும்?" என்று கேட்டாள். லண்டன் பாலமோ அரண்மனையோ சொல்வேன் என்று நினைத்திருப்பாள்.

கில்ட்ஃபோர்டிலிருந்து ஒரே ரயில், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. கடைசி ஸ்டேஷன் பெயரே போர்ட்ஸ்மவுத் ஹார்பர். கடலுக்குள் தூண் நட்டு அதன்மேல் கட்டியிருக்கிறார்கள். பிளாட்ஃபாரத்தில் இறங்கினால் காலுக்குக் கீழே அலை அடிக்கிறது. வெளியே வந்ததும் இரும்புக் கப்பல் வாரியர் கறுப்பாக நிற்கிறது. 1860இல் தண்ணீரில் இறங்கியது. இந்தப் பக்கம் திரும்பினால் 170 மீட்டர் உயரத்துக்கு ஸ்பின்னேக்கர் கோபுரம், பாய்மரம் போல வளைந்து. வீட்டம்மா அதில் ஏறலாம் என்றாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கடைசிவரை ஏறவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

பழைய கப்பல்துறை வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். என் சட்டைப் பையில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், அது இல்லாவிட்டால் வேட்டி கட்டாதது போல இருக்கும் எனக்கு. காவலர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "மெஷினிஸ்ட்," என்றேன். சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விக்டரி கப்பலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1765இல் தண்ணீரில் இறங்கிய கப்பல், 104 பீரங்கி, 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் கடற்சண்டையில் இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சன் குண்டடிபட்ட இடம். மராமத்து நடக்கிறது, சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள். உள்ளே போகலாம், தலை இடிக்கும். எனக்கு மூன்று முறை இடித்தது.

ஆனால் மேரி ரோஸ் என்னை உட்கார வைத்துவிட்டது. எட்டாம் ஹென்றி ராஜாவின் கப்பல். 1545இல் இந்த ஊருக்கு எதிரே உள்ள கடலிலேயே கவிழ்ந்தது. 437 வருடம் சேற்றில் கிடந்ததை 1982இல் தூக்கினார்கள். பாதி உடம்புதான் மிச்சம். அதில் தச்சருக்கு ஒரு சின்ன அறை. அவருடைய இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கட்டை அப்படியே இருக்கிறது, இரும்பு அலகைத்தான் உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. கை பட்டுத் தேய்ந்த இடம்கூடத் தெரிகிறது. அந்த அறைக்குப் பக்கத்தில் கிடைத்த நாயின் எலும்புக்கூட்டையும் வைத்திருக்கிறார்கள். மகள் அங்கேயே ரொம்ப நேரம் நின்றாள்.

சரி, கப்பிக்கு வருகிறேன்.

பாய்மரக் கப்பலில் கயிற்றை இழுக்காமல் எதுவும் நடக்காது. பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் கப்பி வேண்டும். கடற்படைக்கு வருடத்துக்கு ஒரு லட்சம். மார்க் பிரூனல் என்ற பிரெஞ்சுக்காரர், புரட்சிக்குப் பயந்து அமெரிக்காவுக்கு ஓடி அங்கிருந்து இங்கிலாந்து வந்தவர், இதை மெஷினில் செய்யலாம் என்று வரைபடம் போட்டார். அப்போது கடற்படைக்குக் கப்பி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர், இப்போது செய்வதைவிட நன்றாகச் செய்யவே முடியாது என்று சொல்லிவிட்டார். பிரூனல் நேராகக் கடற்படையிடம் போனார்.

வரைபடத்தை இரும்பாக்கியவர் ஹென்றி மாட்ஸ்லி. எங்கள் தொழிலில் அவர் சாமி மாதிரி. பன்னிரண்டு வயதில் ஆயுதச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு பிராமா என்பவரின் பட்டறையில் மேஸ்திரி. 1797இல் சம்பளம் கூட்டிக் கேட்டார், முதலாளி தரவில்லை, வெளியே வந்து தனியாகப் பட்டறை போட்டார். கோவையில் பாதிப் பட்டறை பிறந்த கதை இதுதான். ஒரு அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை அளக்க மைக்ரோமீட்டர் ஒன்று செய்து, அதற்கு 'லார்டு சான்சலர்' என்று, நாட்டின் பெரிய நீதிபதியின் பதவிப் பெயரை வைத்தார். அளவில் தகராறு வந்தால் அதன் தீர்ப்புதான் கடைசி.

இந்த ஊர்க் கப்பல்துறையிலேயே கப்பிப் பட்டறை போட்டார்கள். மொத்தம் 45 மெஷின், ஓட்டுவதற்கு நீராவி இன்ஜின். அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. ஆனால் கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால் நம்மை விடமாட்டார்கள். படகுக் கொட்டகை ஒன்றில், பழைய அப்ரெண்டிஸ் பையன்களைப் பற்றிய காட்சிக்கூடத்தில் சில மெஷின்களை வைத்திருக்கிறார்கள். கூட்டமே இல்லை. இருபது நிமிடம் நானும் மெஷினும்தான்.

மற்றவர்கள் மரச்சட்டத்தில் மெஷின் கட்டிய காலத்தில், மாட்ஸ்லி முழுக்க உலோகத்தில் கட்டியிருக்கிறார். கப்பியின் வெளிக்கூட்டை உருவம் செதுக்கும் மெஷினில் ஒரு பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிப் பத்துக் கட்டைகளைப் பூட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற ஒரு பக்கம் செதுக்கி முடியும். அப்புறம் பத்தையும் ஒன்றாகத் திருப்பி அடுத்த பக்கம். ஒரே செட்டிங், பத்து ஜாப்! வெட்கத்தை விட்டுக் குனிந்து அடிப்பக்கமெல்லாம் பார்த்தேன். "ஏனுங்க, நம்ம பட்டறையில பாக்காத மெஷினா?" என்றாள் வீட்டம்மா.

1805 செப்டம்பர் 14, டிரஃபால்கருக்குக் கிளம்பிய அன்று காலையில் நெல்சன் இந்தக் கப்பிப் பட்டறைக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அதற்கப்புறம் சவுத்சீ கடற்கரையில் படகு ஏறியவர் உயிரோடு திரும்பவில்லை. கரையில் இருந்த கடைசிக் காலையில் அவர் வேடிக்கை பார்த்தது கட்டை அறுக்கும் மெஷினை. அன்றைக்கும் யாராவது ஒரு அப்ரெண்டிஸ், பெரிய மனிதர் வருகிறார் என்று அவசரமாகத் தூள் கூட்டியிருப்பான்.

1808இல் ஒரே வருடத்தில் 1,30,000 கப்பி செய்திருக்கிறார்கள். முன்பு தொழில் தெரிந்த 110 பேர் செய்ததை, தொழில் தெரியாத பத்துப் பேர் செய்தார்கள். எல்லாப் புத்தகத்திலும் இதைப் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். நானும் பெருமையாகத்தான் படித்தேன், என் பட்டறையில் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின், இறக்கும்வரை. அதை இறக்கிய வருடம் மூன்று டர்னர்கள் போனார்கள். நான் போகச் சொல்லவில்லை. ஆனால் கொடுக்க வேலை இல்லை. அதில் ஒருத்தர் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணன். இப்போது சரவணம்பட்டியில் மகனுடைய பேக்கரியில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் பழைய ஊரின் வட்டக் கோட்டை மேல் உட்கார்ந்து, வீட்டம்மா கட்டி வந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். துறைமுக வாய் அங்கே ரொம்பக் குறுகல். கப்பல்கள் கைக்கு எட்டும் தூரத்தில் போகின்றன. அங்கிருந்தே அந்த அண்ணனுக்கு மெஷின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஊரில் நடுராத்திரி ஆகியிருக்கும், தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது.

"கட்டை கடைசலா? பூட்டியிருக்கிற விதமே அழகா இருக்குதப்பா. எத்தனை பேர் ஓட்டுனாங்க?"

பத்துப் பேர் என்று அடித்து அனுப்பினேன்.

"முன்னாடி?" என்று கேட்டிருந்தார். அதற்குள் மகள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.