ஷவர் நூலாக விழுந்தால், ஹீட்டரைத் திட்டாதீர்கள்

லண்டனில் இருக்கும் சொந்தக்காரர்கள் குளிர்காலம் வந்தால் வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் அழுத்த முள் 1 பாருக்குக் (பார் என்பது அழுத்த அலகு) கீழே இறங்கிவிட்டதென்று புலம்புவார்கள். கோலாலம்பூரில் வீட்டைச் சூடாக்கும் வேலையே கிடையாது. அழுத்தம் குறைந்தால் இங்கே முதலில் தெரிவது குளியலறையில்தான். ஷவர் நூலாக விழும். ஹீட்டர் ஒரு நிமிடம் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீருக்கு மாறும். உடனே புது ஹீட்டர் வாங்க ஓடுவதுதான் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் செய்யும் வீண்செலவு.

சென்னை வீட்டு கெய்சர் தண்ணீரைத் தேக்கிவைத்துச் சுடவைக்கும். இங்கே சுவரில் பெரும்பாலும் மாட்டியிருப்பது உடனடி ஹீட்டர். ஏறக்குறைய 3.6 கிலோவாட் சுருள், ஓடும் தண்ணீரை ஓட்டத்திலேயே சூடாக்கும். குமிழை முழுதாகத் திருப்பி, நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் 17 டிகிரி ஏறும். 28 டிகிரித் தண்ணீர் 45 ஆகும். ஓட்டம் 2 லிட்டராகச் சுருங்கினால் அதே சுருள் 54 டிகிரிக்குக் கொண்டுபோகும். வெப்பக் காப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இன்னும் குறைந்தால் ஓட்டத்தை உணரும் சுவிட்சே இயங்காது, சுருளுக்கு மின்சாரம் போகாது. சுடாத ஹீட்டர் பல நேரம் பழுதில்லாத ஹீட்டர்.

பைப் வேலைக்காரரை அழைத்தால் அவர் மலாயில் கேட்கும் முதல் கேள்வி, "டைரக்ட் கெ, தங்கி கெ?" தெருக்குழாயிலிருந்து நேராக வருகிறதா, கூரைத் தொட்டியிலிருந்தா என்று பொருள். தரைவீடுகளில் வழக்கமாகச் சமையலறைக் குழாய் மட்டும் டைரக்ட். குளியலறைகள் தொட்டித் தண்ணீர். நம் ஊர்போல மோட்டார் போட்டு ஏற்றும் வேலை இல்லாததால், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஒரு தொட்டி உட்கார்ந்திருப்பதே பலருக்குத் தெரியாது.

குறை எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க 10 லிட்டர் வாளி ஒன்றும் கைப்பேசியின் நேரங்காட்டியும் போதும். சமையலறைக் குழாயில் வாளி நிறைய எத்தனை நொடி, குளியலறைக் குழாயில் எத்தனை நொடி என்று பாருங்கள். இரண்டும் மந்தமென்றால் மீட்டர் பக்கத்து வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது தெருவிலேயே அழுத்தம் குறைந்திருக்கலாம். தண்ணீர் வழங்கும் நிறுவனமான ஆயிர் சிலாங்கூரின் தடை அறிவிப்பைப் பாருங்கள். சமையலறை மட்டும் மந்தமென்றால் குழாய் நுனிச் சல்லடையைக் கழற்றிக் கழுவினால் தீரும். சமையலறை நன்றாக இருந்து குளியலறை மட்டும் மந்தமென்றால் குறை தொட்டிப் பக்கம்.

அங்கே முதல் காரணம் உயரம். 10 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம். மேல்மாடியில் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே ஒரு மீட்டர்தான் இருந்தால் கிடைப்பது 0.1 பார். அது பிறவிக்குணம், பழுதல்ல. பம்ப் உள்ள ஹீட்டரோ தொட்டிக் குழாயில் தனிப் பம்போ வேண்டும். பம்பைத் தெருக்குழாயில் நேராக மாட்டக்கூடாது, சட்டம் அனுமதிக்காது.

நேற்றுவரை நன்றாக வந்து, தண்ணீர்த் தடைக்குப் பிறகு நின்றுபோனால் குழாயில் காற்று அடைத்திருக்கும். தொட்டி காலியானபோது நுழைந்த காற்று வளைவுகளில் தங்கிவிடும், புவியீர்ப்பு ஓட்டத்துக்கு அதைத் தள்ளும் பலம் இல்லை. ஹீட்டரின் வால்வை மூடுங்கள். ரப்பர் ஹோஸால் சமையலறை டைரக்ட் குழாயையும் குளியலறைக் குழாயையும் இறுக்கமாக இணைத்து, முதலில் குளியலறையையும் பிறகு சமையலறையையும் அரை நிமிடம் திறந்துவிடுங்கள். தொட்டியில் குமிழி சத்தம் கேட்டால் காற்று போய்விட்டது. ஹோஸை உடனே கழற்றிவிடுங்கள்; தெருவில் அழுத்தம் விழுந்தால் தொட்டித் தண்ணீர் பின்னோக்கிக் குடிநீரில் கலக்கும்.

அதே தடை கிளப்பிவிடும் துருவும் சேறும் ஹீட்டரின் நுழைவுச் சல்லடையில் போய் அடைக்கும். மின்சாரத்தை நிறுத்தி, வால்வை மூடி, சல்லடையைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும்.

தனிப் பம்ப் வைத்தவர்களுக்கு வேறு தலைவலி உண்டு. எல்லாக் குழாயும் மூடியிருக்க, நடுராத்திரியில் பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறுமும். அழுத்தம் எங்கோ கசிகிறது. பம்புக்கு அடுத்த வால்வை மூடிப் பாருங்கள். உறுமல் நின்றால் கசிவு வீட்டுக் குழாயில். கழிவறை ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவுச் சாயம் விட்டு 15 நிமிடம் கழித்துக் கிண்ணத்தில் நிறம் தெரிகிறதா பாருங்கள். மூடியும் உறுமினால் பின்னோட்டம் தடுக்கும் வால்வு பழுது. குழாய் திறந்திருக்கும்போது பம்ப் படபடவென்று ஓடி ஓடி நின்றால் அழுத்தக் கலத்தை, அதாவது பம்போடு இணைந்த, உள்ளே ரப்பரும் காற்றும் உள்ள சிறு கலத்தைச் சந்தேகியுங்கள். பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை விட்டபின் கலத்தின் காற்று ஊசியை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்துவிட்டது. காற்று மட்டும் வந்தால் டயர் மானியால் அளந்து, பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்துக்கு 0.2 பார் குறைவாக நிரப்புங்கள்.

கொண்டோ எனும் அடுக்குமாடிக் குடியிருப்பில் கதை வேறு. உச்சி மாடிகளுக்குப் பூஸ்டர் பம்ப், கீழ் மாடிகளுக்கு அழுத்தக் குறைப்பு வால்வு என இரண்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரரிடம், "அண்ணே, உங்க ஷவரும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போங்கள். சுவர்க் குழாயில் கசிந்து கீழ்வீட்டு சீலிங் நனைந்தால், புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும் என்பது அடுக்குமாடி வீடுகளுக்கான 2015 ஸ்ட்ராட்டா விதி. எதிர் ஆதாரம் இல்லாதவரை கசிவு மேல்வீட்டுடையது என்றே கருதப்படும், ஆகையால் மேலே இருப்பவர் நீங்களென்றால் படம் எடுத்துவைப்பது நல்லது.

ஹீட்டரை எப்போது தொட்டாலும் ஒயர் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதன் இணைப்புக்கு 10 மில்லிஆம்பியர் மின்கசிவுக் காப்பு சுவிட்ச் இருக்கிறதா என்றும் அவரையே கேளுங்கள்.