எம்பி3 மாற்றத்தில் நேரத்தைத் தின்றது கவர் படமும் கேபிளும்

ஒருவழியாக வேகம் பிடித்துவிட்டது. ஃபிளாக் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்) பாட்டுத் தொகுப்பை மொத்தமாக எம்பி3 ஆக்கும் வேலை இப்போது ப்ராசஸரின் எட்டு கோர்களையும் முழுசாகப் பயன்படுத்திக்கொண்டு ஓடுகிறது. காரில் இருக்கிற பிளேயருக்கு எம்பி3 தவிர வேறெதுவும் தெரியாது, அதனால்தான் இந்த வேலையே. ஃபைலை வடிவம் மாற்றும் கருவி எஃப்எஃப்எம்பெக், அதற்குள் எம்பி3-ஐ உருவாக்கும் என்கோடர் லேம், தரம் வி0 (லேமின் மாறும் பிட்ரேட் முறையில் மிக உயர்ந்தது). லினக்ஸில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். அவ்வளவுதான் அமைப்பு.

லேம் ஒரு ஃபைலுக்கு ஒரு கோரைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பது இதில் கை வைத்த எல்லோருக்கும் தெரியும். எனவே ஃபைல்களைத் தேடித் தரும் ஃபைண்ட் கட்டளையிலிருந்து பட்டியலை, அதை வாங்கி வேறு புரோகிராம்களை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு அனுப்பி, ஒரே சமயத்தில் எட்டு ஃபைல் ஓடும்படி வைத்தேன். பட்டியலை வரி வரியாகப் படிக்கும் வொயில் லூப்புக்குள் எஃப்எஃப்எம்பெக்கை ஓட்டினால், அந்தப் பட்டியல் வரும் வழியான ஸ்டாண்டர்ட் இன்புட்டையும் அது சேர்த்து விழுங்கிவிடும். அடுத்த ஃபைல் பெயரின் முதல் சில எழுத்துகள் காணாமல் போய், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எரர் வரும். எக்ஸ்ஆர்க்ஸில் அந்தத் தொல்லை கிடையாது. ஜிஎன்யூ எக்ஸ்ஆர்க்ஸ் தான் கிளப்பும் புரோகிராம்களுக்கு ஸ்டாண்டர்ட் இன்புட்டைக் காலியாகவே கொடுக்கிறது.

எட்டு மடங்கு வேகம் வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மடங்குகூட சரியாக வரவில்லை. கோர்கள் பாதி நேரம் சும்மா இருந்தன. லேமின் தரத்தைக் குறைத்தாலும் பெரிய மாற்றம் இல்லை. அங்கேதான் சந்தேகம் வந்தது: என்கோடிங்தான் தாமதத்துக்குக் காரணம் என்றால், தரத்தைக் குறைத்ததும் வேகம் கூடியிருக்க வேண்டுமே?

முதல் துப்பு கிடைத்தது அவுட்புட் ஃபோல்டரில். நாலு நிமிடப் பாட்டு வி0-வில் சுமார் 7 மெகாபைட் வரும். எனக்கு வந்த ஃபைல்கள் சில 20 மெகாபைட்டைத் தாண்டி நின்றன. மூல ஃபிளாக்குக்கு ஏறக்குறைய சமம்! ஒரு ஃபைலை மட்டும் தனியாக ஓட்டி, எஃப்எஃப்எம்பெக் அச்சிடுவதை வரி வரியாகப் படித்தேன். ஸ்ட்ரீம் மேப்பிங் என்ற தலைப்பின் கீழே இரண்டு வரி. ஒரு வரி ஃபிளாக்கிலிருந்து எம்பி3, சரி. இன்னொரு வரியில் எம்ஜேபெக், ஒரு அம்புக்குறி, பிஎன்ஜி. ஃபைலுக்குள் பதிந்திருந்த கவர் படத்தை எஃப்எஃப்எம்பெக் ஒரு வீடியோ ஸ்ட்ரீமாக எடுத்து, ஜேபெக்கைப் பிரித்து, பிஎன்ஜியாக மறுபடி என்கோட் செய்துகொண்டிருந்தது.

இதில் தவறாக எதுவும் நடக்கவில்லை. எம்பி3 அவுட்புட்டில் படத்தை என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டால் அது பிஎன்ஜியைத்தான் தேர்ந்தெடுக்கும். சின்னப் படம் என்றால் யாருக்கும் தெரியவே தெரியாது. என் தொகுப்பில் பல ஆல்பங்களின் அட்டைகளை நானே ஸ்கேன் செய்து, 3000 பிக்சலுக்கு 3000 பிக்சல் அளவில் பதித்து வைத்திருக்கிறேன். பிரித்துப் போட்டால் ஒரு படமே 27 மெகாபைட். பிஎன்ஜி எந்தத் தகவலையும் இழக்காத வடிவம். ஸ்கேனில் இருக்கும் தாளின் சொரசொரப்பு, அச்சுப் புள்ளிகள் எல்லாவற்றையும் அப்படியே காப்பாற்றப் பார்க்கும், அதனால் சுருங்கவும் சுருங்காது. ஆல்பத்தில் 12 பாட்டு இருந்தால் அதே படத்துக்கு அதே வேலை 12 தடவை நடக்கும்.

வீடியோ கோடெக்குக்குக் காப்பி என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தால் ஜேபெக் அப்படியே எம்பி3-க்குள் போய் உட்கார்ந்துவிடும், இந்த வேலை மொத்தமும் மிச்சம். ஆனால் எனக்கு அதோடு விட மனசில்லை. காரின் சின்னத் திரைக்கு 3000 பிக்சல் எதற்கு? ஒவ்வொரு பாட்டிலும் சில மெகாபைட் வீணாகப் போகிறதே. இப்போது ஸ்கிரிப்ட் ஆல்பத்துக்கு ஒரு தடவை மெட்டாஃபிளாக் என்ற ஃபிளாக் டேக் கருவியால் படத்தை வெளியே எடுக்கிறது, இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியால் 600 பிக்சலுக்குச் சுருக்குகிறது, அந்த ஒரே ஜேபெக்கை எல்லாப் பாட்டுக்கும் இரண்டாவது இன்புட்டாகக் கொடுத்துக் காப்பி செய்கிறது. ஆடியோ முதல் ஃபைலிலிருந்து, படம் இரண்டாவதிலிருந்து என்று மேப் ஆப்ஷனில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல், கலவைத் தொகுப்புகள். ஒரே ஃபோல்டரில் பாட்டுக்குப் பாட்டு வேறு அட்டை இருக்கும். ஃபோல்டருக்கு ஒரு படம் என்று வைத்தால் எல்லாவற்றுக்கும் முதல் பாட்டின் அட்டை ஒட்டிக்கொள்ளும். அதனால் வெளியே எடுத்த படங்களின் எம்டி5 மதிப்பை (ஃபைலின் கைரேகை மாதிரி) ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒரே மதிப்பு என்றால் சுருக்குவது ஒரு தடவைதான், மாறினால் தனித்தனியாக. இந்தப் பகுதியை எழுதத்தான் அதிக நேரம் ஆனது. ஆனால் ஸ்கிரிப்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதியும் இதுதான்.

அப்புறம் ஐடி3 டேக், அதாவது எம்பி3-க்குள் பாட்டின் பெயர், பாடகர் போன்ற விவரங்கள் இருக்கும் பகுதி. எஃப்எஃப்எம்பெக் வழக்கமாக எழுதுவது அதன் 2.4 பதிப்பு. பழைய பிளேயர்கள் சில 2.3-ஐத்தான் படிக்கும். பாட்டின் பெயர் வரவில்லை என்றால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

கவர் படம் தீர்ந்த பிறகு வேகம் நன்றாகவே கூடியது, ஆனாலும் எட்டு கோர் நிரம்பவில்லை. டாப் கட்டளையில் ப்ராசஸர் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் எகிறி நின்றது. டிஸ்க்கின் வேலைப்பளுவைக் காட்டும் ஐஓஸ்டாட்டில், பாட்டுகள் இருக்கும் வெளி டிஸ்க் 100 சதவீதம். சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு கோர், பாட்டின் ஓட்ட நேரத்தைப் போல சுமார் 60 மடங்கு வேகத்தில் என்கோட் செய்கிறது. சிடி தர ஃபிளாக் விநாடிக்கு ஏறத்தாழ 900 கிலோபிட், அதாவது 110 கிலோபைட் சொச்சம். எட்டு கோருக்கும் தீனி போட விநாடிக்கு 54 மெகாபைட்டுக்குக் குறையாமல் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். யூஎஸ்பி 2-இன் 480 மெகாபிட் ஏட்டளவில் 60 மெகாபைட், நடைமுறையில் 30 முதல் 40 வரைதான் தேறும். யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பியை மர வடிவில் ஓட்டிப் பார்த்தேன். என் டிஸ்க்குக்கு நேரே யூஎஸ்பி 3-இன் 5000 மெகாபிட் இருக்க வேண்டிய இடத்தில் 480.

டிஸ்க் பெட்டியின் மேல் யூஎஸ்பி 3 என்று அச்சிட்டிருக்கிறது. கம்ப்யூட்டரின் போர்ட்டும் அதே. கூடவே வந்த கேபிளில்தான் விஷயம். யூஎஸ்பி-ஏ முனைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் தெரியும்: யூஎஸ்பி 3 என்றால் வழக்கமான 4 தொடுமுனைகளுக்குப் பின்னால் இன்னும் 5 இருக்கும். அந்தக் கேபிளில் 4 மட்டுமே. பெட்டியில் ஒரு வேகத்தைப் போட்டுவிட்டு அதை எட்டவே முடியாத கேபிளை உள்ளே வைக்கிற விற்பனையாளர்மேல் எனக்குக் கடுப்பு இன்னும் தீரவில்லை. கேபிள் வாங்கும்போது 5 ஜிபிபிஎஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டைப்-சி முனை இருக்கிறது என்பதற்காக வேகம் வந்துவிடாது, சார்ஜ் செய்யத் தருகிற டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை உள்ளே யூஎஸ்பி 2-தான்.

கேபிளை மாற்றிய பிறகும் ஒரு கடைசி முடிச்சு இருந்தது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எட்டு ஃபைலை ஒரே நேரத்தில் படித்து, அதே டிஸ்க்கில் எழுதினால், ஹெட் இங்கும் அங்கும் ஓடியே களைத்துப்போகும். வரிசையாகப் படித்தால் விநாடிக்கு 100 மெகாபைட்டைத் தாண்டும் டிஸ்க் இப்படிப் பிய்த்துப் பிய்த்துப் படித்தால் படுத்துவிடுகிறது. இப்போது ஒவ்வொரு ஆல்பத்தையும் முதலில் வரிசையாக எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்து, அங்கேயே மாற்றுகிறேன். ஒரு ஆல்பம் மாறிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது நகலாகிவிடும்.

நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போடுங்கள் என்று எனக்கு வந்த யோசனையையும் சொல்லிவிடுகிறேன். லேம் வேலை செய்வது ப்ராசஸரில். கார்டில் இருக்கும் வீடியோ என்கோடர் இதற்கு ஒரு துளியும் உதவாது. அந்தப் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கலாம்.

அடுத்து போனுக்கு ஓபஸ் என்ற ஒலி வடிவத்தில் ஒரு தொகுப்பு செய்ய ஆசை. பாட்டுக்குப் பாட்டு ஒலி அளவைச் சமப்படுத்த எஃப்எஃப்எம்பெக்கின் லவுட்நார்ம் ஃபில்டரைப் போடப்போவதில்லை. அது டைனமிக் முறையில் ஒலியை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றி வேலை செய்வதால் இவ்வளவு பாடுபட்டு மீட்ட வேகம் மறுபடி போய்விடும். ஒலியை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று பிளேயருக்குச் சொல்லும் ரீப்ளேகெய்ன் வெறும் டேக்காக எழுதப்படுகிறது, ஒலியைத் தொடுவதில்லை, எனக்கு அது போதும். 2025-இல் வந்த ஃபிளாக் 1.5 ஒரே ஃபைலைப் பல கோர்களில் என்கோட் செய்கிறது. பழைய வேவ் ஃபைல்களை ஃபிளாக் ஆக்கும்போது அதையும் பார்க்க வேண்டும்.

இந்தச் சுற்றே இன்னும் முடியவில்லை. 24 பிட் ஃபைல்கள் பாக்கி. எம்பி3-இன் சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறது என்பது) 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. அதனால் 96-இல் இருப்பவற்றை 48-க்கும், 88.2-இல் இருப்பவற்றை 44.1-க்கும் இறக்கும்படி ஸ்கிரிப்டில் ஒரு பிரிவு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எஃப்எஃப்எம்பெக்கோடு வரும் எஃப்எஃப்புரோப் சாம்பிள் ரேட்டைச் சரியாகவே எடுத்துத் தருகிறது. அதை இறக்கும் ரீசாம்ப்ளருக்கு சாக்ஸ்ஆர் என்ற தனி லைப்ரரி போடலாமா, எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ரீசாம்ப்ளரே போதுமா என்று இரண்டையும் ஓட்டி, நேரத்தையும் ஒலியையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மீதியைத் தொடங்குவேன்.