டாஞ்சியர் நாட்குறிப்பு

அக்டோபர் 7

மொராக்கோவின் டாஞ்சியர் ஊருக்கு மேற்கே, ஸ்பார்டெல் முனைக்குப் பக்கத்தில் ஹெர்குலிஸ் குகை. கடலைப் பார்த்த அதன் வாய் ஆப்பிரிக்க வரைபடம் போலவே இருப்பதால் எல்லாரும் அங்கே நின்றுதான் படம் எடுக்கிறார்கள். என் கண் சுவரை விட்டு நகரவில்லை. வட்ட வட்டமாக உளித் தழும்புகள். உள்ளூர் மக்கள் காலங்காலமாகத் திரிகைக்கல் வெட்டியெடுத்த இடம். தங்க ஆப்பிள் பறிக்கப் போகுமுன் கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் இங்கே உறங்கினான் என்பது கதை. அவன் கொன்ற அரக்கன் அந்தையோஸின் சமாதியை ரோமத் தளபதி செர்டோரியஸ் இந்த ஊரில் தோண்டி, 60 முழ உடலைக் கண்டு நடுங்கி, பலி கொடுத்து மூடினானாம். பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 8

நான் வந்ததே இதற்காகத்தான். பழைய நகரின் சந்துகளுக்குள், உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதாவின் அடக்கத்தலம். சிறிய கட்டடம். உண்மையில் அவர் இங்கேதான் அடங்கியிருக்கிறாரா என்று அறிஞர்கள் ஐயப்படுகிறார்கள். எனக்கு அது பொருட்டாகவே இல்லை.

1304இல் இங்கே பிறந்தவர். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜுக்கென்று தனியாகக் கிளம்பினார். இலங்கையின் சிவனொளிபாதமலை ஏறியிருக்கிறார். அங்கிருந்து சோழமண்டலக் கரைக்கு வந்து, மதுரை சுல்தான் கியாசுதீனிடம் தங்கினார். சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொன்ற கொடுமையை மறைக்காமல் பதிவு செய்தவர் அவர். அந்த நூற்றாண்டு மதுரையை நேரில் பார்த்துச் சொன்ன குரல்கள் மிகக் குறைவு. அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். மதுரையில் கொள்ளைநோய் வந்து பலர் மாண்டதை எழுதினார். 1349இல் மொராக்கோ திரும்பும் வழியில், தாஸா ஊரில், தன் தாயைக் கொள்ளைநோய் கொண்டுபோன செய்தி கிடைத்தது. பிறகு டாஞ்சியருக்கு வந்து தாயின் கல்லறையைப் பார்த்தார்.

அக்டோபர் 9

மழை. அமெரிக்கத் தூதரக மாளிகை மட்டும் பார்த்தேன். 1821இல் மொராக்கோ சுல்தான் கொடுத்தது.

அக்டோபர் 10

ஹஃபா தேநீர்க் கடை, 1921இல் தொடங்கியது. படிப்படியாக இறங்கும் திண்ணைகள், புதினாத் தேநீர், அக்கரையில் ஸ்பெயின். இங்கே உட்கார்ந்த வெளிநாட்டு எழுத்தாளர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு இந்த நகரின் எழுத்தாளர் முகமது ஷுக்ரி. வட மொராக்கோவின் ரிஃப் மலைப் பஞ்சத்தில் பிழைக்க வந்த குடும்பம். 20 வயதுவரை எழுத்தே தெரியாது. அவருடைய தன்வரலாறு முதலில் 1973இல் ஆங்கிலத்தில்தான் வெளிவந்தது. அரபியில் வந்ததும் 1983இல் மொராக்கோ தடை செய்தது. 2000இல் தடை நீங்கியது. 2003இல் அவர் இறந்துவிட்டார். பசியையும் சிறுவர்கள் படும் அடியையும் இவ்வளவு நேராகச் சொன்னவருக்கு அவ்வளவு காலம் சொந்த நாட்டிலேயே வாய்ப்பூட்டு என்பது எனக்கு ஆறவே இல்லை.

பாஸ்டர் சாலையில், 1949இல் தொடங்கிய கொலோன் புத்தகக் கடைக்குப் போய் அவருடைய நூலை வாங்கிவிட்டேன். இன்றிரவே படிக்கத் தொடங்குகிறேன்.