ஜார்ஜ் டவுனில் சுவர் பார்த்து நடந்தோம்

மலேசியாவின் பினாங்குத் தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனுக்குப் போகிற குடும்பங்களில் பாதி, கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் சுவரோவியங்களைத் தேடிக் கிளம்புகின்றன. வரைபடத்தில் எண் போட்ட புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடுகிறார்கள். நாங்கள் வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தெருத் தெருவாக நடந்தோம். இந்த ஊரைப் பார்க்க அதுதான் சரியான வழி என்று அடித்துச் சொல்வேன். ஓவியத்தை மட்டும் தேடிப் போனால் அது இருக்கும் தெரு கண்ணில் படாது. தெருவைப் பார்த்துக்கொண்டே போனால் ஓவியம் தானாக எதிரில் வந்து நிற்கும், அது ஏன் அங்கே இருக்கிறது என்பதும் புரியும்.

நாங்கள் ஐந்து பேர்: நான், கணவர், ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் எங்கள் நடையின் வேகத்தை அம்மாவே தீர்மானித்தார். அதுவும் நல்லதாகவே அமைந்தது. அவர் உட்கார்ந்து இளைப்பாறிய இடங்களில்தான் பிள்ளைகள் பல சங்கதிகளைக் கண்டுபிடித்தார்கள்.

சுவரோவியம் என்றதும் பலரும் 2012ஆம் ஆண்டிலிருந்து பேச ஆரம்பிக்கிறார்கள். அந்த வருட ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸக்கரேவிச் என்ற இளைஞர் சில சுவர்களில் பிள்ளைகளை வரைந்தார். அவை உலகம் முழுவதும் பரவின. ஆனால் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1786இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிறுவிய இந்தத் துறைமுக நகரம், 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டே மாநில அரசு ஒரு போட்டி நடத்தியது. பழைய நகரத்தின் தெருக்களை மக்களுக்கு அடையாளம் காட்ட ஒரு கலை வடிவம் வேண்டும் என்பதுதான் நோக்கம். வென்ற யோசனைதான் எஃகுக் கம்பிச் சித்திரங்கள். கேலிச்சித்திரக்காரர்கள் வரைய, கோட்டுக்குக் கோடு கம்பியை வளைத்துப் பற்றவைத்துச் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் 52. ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஓரிரண்டு வரிகள் உண்டு.

குழந்தைகளோடு போகிறவர்கள் முதலில் இந்தக் கம்பிச் சித்திரங்களைத் தேடட்டும். வண்ண ஓவியங்கள் அழகானவை, ஆனால் அவற்றின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். கம்பிச் சித்திரத்தின் முன்னால் வரிசையே கிடையாது.

காலை எட்டு மணிக்கு ஆர்மீனியன் தெருவில் இருந்தோம். கடைகள் திறக்கவில்லை. புகழ்பெற்ற சைக்கிள் ஓவியத்தின் முன்னால் எங்களைத் தவிர ஓர் இளம் ஜோடி மட்டுமே. ஓர் அக்கா சைக்கிள் ஓட்டுகிறாள். பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டு தம்பி வாய்விட்டுச் சிரிக்கிறான். பிள்ளைகள் இருவரும் வண்ணத்தில் இருக்கிறார்கள். சைக்கிள் நிஜ இரும்பு, சுவரோடு சேர்த்து நிறுத்தியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தேன். எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்துக் கைப்பிடி வழவழப்பாகிவிட்டது. ஆட்கள் தொடாத இடங்களில் மட்டும் துரு அடர்த்தியாக இருந்தது. அக்காவின் கால் பெடலைத் தொடும் இடத்தில் வண்ணம் எங்கே முடிகிறது, இரும்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க மகள் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நிழலையும் வரைந்திருக்கிறார் அம்மா, அதனால்தான் ஒட்டியிருப்பது போலத் தெரிகிறது" என்றாள். நான் பல முறை படத்தில் பார்த்த ஓவியம்தான், அவள் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அங்கிருந்து சில நிமிட நடையில் கேனன் தெரு. நிஜ நாற்காலியின் மேல் நின்று உயரத்தில் இருக்கும் ஒரு திறப்பை எட்டப் பார்க்கும் பையன் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. மகன் அவனுக்குக் கீழே நின்று தானும் கையை நீட்டினான். ஆனால் எங்களை அந்தத் தெருவில் பிடித்து நிறுத்தியது பீரங்கியைக் காட்டும் கம்பிச் சித்திரம். 1867ஆம் ஆண்டுக் கலவரத்தில் பீரங்கிக் குண்டுகள் துளைத்த ஓட்டைகளைப் பற்றி அது சொல்கிறது. சீனர்களின் இரண்டு ரகசியச் சங்கங்கள் மோதிக்கொள்ள, வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற முஸ்லிம் சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் சேர, பத்து நாட்கள் நகரம் எரிந்திருக்கிறது. அந்தச் சங்கங்களில் ஒன்றின் தலைமையிடம், நாங்கள் சற்று முன் சைக்கிள் ஓவியத்தைப் பார்த்த அதே ஆர்மீனியன் தெருவில் இருக்கும் சீனக் கோயில்தான். 1910இல் சுன் யாட்சென் சீனப் புரட்சிக்குத் திட்டமிட்ட வீடும் அதே தெருவில், 120ஆம் எண். கணவர் பிள்ளைகளைத் திரும்பவும் அழைத்துக்கொண்டு போய் இரண்டையும் காட்டினார். முதல் தடவை அந்தத் தெருவில் ஒரு சைக்கிள் மட்டும் இருந்தது. இரண்டாவது தடவை போனபோது மகள் ஒவ்வொரு வாசலையும் நின்று பார்த்தாள்.

அதற்குப் பிறகு கம்பிச் சித்திரம் தேடுவது மகனின் வேலையாகிவிட்டது. கண்டுபிடிப்பது அவன், படித்துச் சொல்வது அக்கா. சூ ஹோங் சந்தில், ரிக்‌ஷா போக முடியாத குறுகலைச் சொல்லும் சித்திரத்தின் அருகே அவன் இரண்டு கைகளையும் விரித்துச் சந்தை அளந்தான். லவ் லேனில் ஒரு மனிதர் ஜன்னல் வழியாக நழுவித் தப்பிக்கப் பார்க்கிறார். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் ஆசைநாயகிகளை வைத்திருந்த தெரு என்று கதை. ஏன் கதவு வழியாக வரக்கூடாது என்று மகன் கேட்டான். "கதவு பக்கம் அவர் சம்சாரம் நிற்கிறாள்" என்று அம்மா சொல்லிவிட்டு மேலே நடந்தார். புகழ்பெற்ற காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ வேலை பழகிய இடத்தையும் ஒரு சித்திரம் காட்டுகிறது.

முந்திரி (Muntri) தெருவில் அம்மா நின்றுவிட்டார். அங்கே ஒரு கம்பிச் சித்திரம், சீனாவிலிருந்து வந்து பணக்கார வீடுகளில் வேலை செய்த 'ஆமா' என்ற பெண்களைப் பற்றியது. வெள்ளை மேல்சட்டை, கறுப்புக் கால்சட்டை அணிந்து, பலர் கல்யாணமே செய்துகொள்ளாமல் காலமெல்லாம் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். சமையல், துணி, பிள்ளை வளர்ப்பு எல்லாம் ஒருத்தி தலையில் என்பதை அந்தச் சித்திரம் வேடிக்கையாகக் காட்டுகிறது. மகள் படித்து முடித்ததும் அம்மா, "வயதான பிறகு இவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. ஒரு நாள் முழுக்க நாங்கள் பார்த்தவற்றில் அம்மா கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அதே முந்திரி தெருவில் நீல உடைச் சிறுமி இருக்கிறாள். இரண்டு நிஜ ஜன்னல்களின் மேல் விளிம்பில் கை வைத்துத் தொங்கும் பெரிய ஓவியம். வெயிலும் மழையும் வண்ணத்தை நன்றாகவே தின்றிருக்கின்றன. தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தால்தான் முகம் தெளிகிறது. ஆ குவீ தெருவில் நிஜ மோட்டார் சைக்கிளின் மேல் அமர்ந்து திரும்பிப் பார்க்கும் பையனிடம் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டதால் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டோம். ஆர்மீனியன் தெருப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ராட்சதப் பூனையை மகன் விடவில்லை. 2013இல் தெரு விலங்குகளுக்காகப் பரிவு கேட்டு ஒரு கலைஞர் குழு வரைந்த 101 பூனைக்குட்டிகள் வரிசையைச் சேர்ந்தது அது.

நடைபாதை பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடைவீடுகளின் முகப்பில் கூரை போட்ட நடைபாதையை இங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு வீட்டின் அஞ்சடிக்கும் ஒவ்வொரு உயரம். ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போக வேண்டும். நடுநடுவே மோட்டார் சைக்கிள்கள், கடைச் சரக்கு, பூந்தொட்டிகள் வழியை மறிக்கும். அப்போது தெருவில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு தம்பதி பட்ட பாட்டைப் பார்த்தோம். முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால் தெருக்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்தைச் சுற்றிவரும் இலவச பஸ் ஒன்று இருக்கிறது, நடுவில் கால் ஆற அது போதும். இன்னொன்று, அஞ்சடியின் தரையைப் பார்க்க மறக்காதீர்கள். வீட்டுக்கு வீடு ஓட்டுக்கற்களின் பூவேலை மாறிக்கொண்டே இருக்கும்.

பத்தரை மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. மஸ்ஜித் கபித்தான் கெலிங் தெருவுக்கு வந்தோம். அந்தத் தெருவைப் பற்றி எனக்கு மனம் நிறையச் சொல்ல இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் மைதீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. சிறிது தூரத்தில் குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில். சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நாகூரிலிருந்து கப்பல் ஏறியவர்கள் தங்கள் சாமியையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். பள்ளிவாசல் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்தார். பிள்ளைகள் மினாராவை அண்ணாந்து பார்த்தார்கள்.

இவ்வளவு தமிழ்ச் சுவடு உள்ள நகரத்தில், நாங்கள் பார்த்த வண்ணச் சுவர்களில் தமிழ் முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரஷ்யக் கலைஞர் யூலியா வோல்ச்கோவா வரைந்த இந்தியப் படகோட்டி. ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய ஓவியம், படகில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவர். கப்பல்கள் கரைக்கு வர முடியாத காலத்தில் சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்த உழைப்பின் முகம் அங்கே இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க நாங்கள் சுற்றிய சுற்று கொஞ்சமல்ல, ஆனாலும் சைக்கிள் ஓவியத்தைவிட அதன் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். இன்னும் பத்துச் சுவர்களில் இந்த மாதிரி முகங்கள் வர வேண்டும் என்பது என் ஆசை. வட்டிக்கடைச் செட்டியார்களும், துறைமுகத் தொழிலாளிகளும், காவடிக் கம்பிகளை நுணுக்கமாகச் செய்பவர்களும் இந்த நகரத்தின் சொந்தக்காரர்கள்தானே?

மதிய வெயிலில் விடுதிக்குத் திரும்பித் தூங்கிவிட்டு, நாலு மணிக்கு மேல் சியூ படகுத்துறைக்குப் போனோம். கடலுக்குள் மரத்தூண்கள் மேல் கட்டிய வீடுகள், நடுவில் பலகைப் பாதை. சியூ குலத்தவர் தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம். 2012இல் அங்கேயும் படகில் போகும் இரண்டு பிள்ளைகளை ஸக்கரேவிச் வரைந்தார். கடல் காற்றும் ஈரமும் அதை ஏறக்குறைய அழித்துவிட்டன. "மறுபடி வரைந்தால் என்ன?" என்று மகள் மிகுந்த வருத்தத்தோடு கேட்டாள். நகரத்துக்குள் சில ஓவியங்களைப் புதுப்பித்திருக்கிறார்கள், இதையும் செய்யலாமே என்பது அவள் கட்சி. ஒரு வாசலில் சட்டை உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணியை அம்மா கண்ணால் காட்டினார். "அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு வரையட்டும். தினம் ஆயிரம் பேர் வாசலில் வந்து நிற்பது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?"

நான் அம்மா பக்கம். நாங்கள் பார்த்த சில வீடுகளின் கதவில், படம் எடுக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கதவுகளைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகளைக் குரல் தாழ்த்தச் சொன்னோம். மகள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளும் முழுதாக அழிவதற்குள் தன் நோட்டில் வரைந்து வைக்க வேண்டும் என்று பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மிச்சமிருந்த கோடுகளை வைத்து ஒருத்தியின் முகத்தை முடித்தாள். இன்னொரு முகத்தில் அவள் பிரதி எடுக்க எதுவும் மிச்சமில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் ஆர்மீனியன் தெருவைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். கேனன் தெரு, முந்திரி தெருக் கம்பிச் சித்திரங்களைப் படித்துக்கொண்டே வாருங்கள், படகோட்டியைக் கட்டாயம் தேடுங்கள். இந்தச் சித்திரங்கள் எதற்கும் டிக்கெட் கிடையாது. தண்ணீர், தொப்பி, குடை மூன்றும் கையில் இருக்கட்டும், மழை சொல்லிக்கொள்ளாமல் வருகிற ஊர் அது.