சொந்தமாக ஒரு வாட்ச்: மெஷின் சுலபம், முள்தான் வேலை

வாட்ச் கட்டுகிறேன் என்று சொன்னால், பல்சக்கரத்தை எல்லாம் நீயே வெட்டுகிறாயா என்று கேட்கிறார்கள். இல்லை. என்னைப் போன்ற கத்துக்குட்டிகள் செய்வது வேறு. ஓடும் நிலையில் வரும் மெஷின் ஒன்றை வாங்கி, அதற்குப் பொருந்துகிற டயல், முள், கேஸ், கண்ணாடி எல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது. இதற்கே நாக்கு தள்ளுகிறது.

மெஷின் ஜப்பானிய நிறுவனமான சீகோவின் என்.எச்.35. கை அசைவில் தானே சாவி ஏறும். பக்கவாட்டில் உள்ள குமிழைத் திருகியும் சாவி கொடுக்கலாம். உராய்வைக் குறைக்க 24 கல், மணிக்கு 21,600 துடிப்பு, முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும். இதைவிட நயமான மெஷின்கள் உண்டு. ஆனால் இதற்குக் கிடைக்கிற அளவுக்கு உதிரி பாகங்கள் வேறு எதற்கும் கிடைப்பதில்லை. முதல் வாட்ச்சுக்கு அதுதான் முக்கியம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது குமிழ் இருக்கும் இடம். டைவர் மாடல், அதாவது நீரில் மூழ்குபவர்களுக்கான வாட்ச் கேஸ்கள் பலவற்றில் அது 4 மணிப் பக்கம் சற்று இறங்கி இருக்கும். சாதாரண கேஸில் நேராக 3 மணியில். டயலின் முதுகில் இரண்டு குட்டிக் கால்கள் உண்டு; மெஷினில் உள்ள துளைகளில் அவைதான் உட்கார வேண்டும். குமிழ் இடம் மாறினால் கால்களின் இடமும் மாறும், தேதித் தட்டும் மாறும். நான் 3 மணிக் கேஸ், தேதி ஜன்னல் உள்ள டயல் எடுத்தேன். தேதி ஜன்னல் இல்லாத டயலையும் இந்த மெஷினில் போடலாம், ஆனால் குமிழை இழுக்கும்போது தேதி மாற்றுவதற்கான ஒரு 'க்ளிக்' எதற்கும் உதவாமல் நடுவில் நிற்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

புது மெஷினில் கை வைக்கும் முன் அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஜனதாவை எடுத்துக்கொண்டேன். ஓடாத வாட்ச் என்பதால் பயம் இல்லை. முள்ளைக் கழற்று, மாட்டு, திரும்பக் கழற்று. டயலின் மேல் பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்துவிட்டுத்தான் நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் கீறல் விழும். பேருந்து நிலையத்துக்கு எதிரே வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், நான் வாங்கியிருந்த ட்வீசரைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, மெஷின்ல மிச்சம் பிடிங்க. ட்வீசர்ல மிச்சம் பிடிக்காதீங்க." முனை இரண்டும் சரியாகச் சேராத ட்வீசரில் நொடி முள்ளைப் பிடித்தால் அது தெறித்து எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. நல்லதாக ஒன்று வாங்கினேன்.

அப்புறம் ஃபேன். வேலை நேரத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். ஃபேன் ஓடினால் தூசி டயலில் வந்து உட்காரும், நிறுத்தினால் வியர்வை. வியர்வை பட்ட எஃகு துருப்பிடிக்கும், அதனால் விரல்களுக்கு ரப்பர் உறை. விடியற்காலைதான் இதற்குத் தோதான நேரம்.

சரி, முள்ளுக்கு வருவோம். மணி முள்ளின் துளை 1.5 மி.மீ., நிமிட முள்ளுக்கு 0.9, நொடி முள்ளுக்கு வெறும் 0.2. முதலில் குமிழைத் திருகித் தேதி மாறும் கணத்துக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதுதான் நள்ளிரவு. அங்கே மணி முள்ளையும் நிமிட முள்ளையும் நேராக 12-இல் அழுத்த வேண்டும். இதைப் பார்க்காமல் போட்டால் தேதி மத்தியானமோ சாயங்காலமோ மாறும். அழுத்திய பிறகு லென்ஸைக் கண்ணில் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கிறேன்: மணி முள்ளுக்கும் டயலுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம், அதற்கும் நிமிட முள்ளுக்கும் நடுவே இன்னொரு கோடு. பன்னிரண்டு மணி நேரத்தையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பின்தான் நொடி முள். அதை ட்வீசரால் எடுக்காமல், மெக்கானிக்குகள் வைத்திருக்கும் பச்சைப் பசை உருண்டையின் நுனியில் ஒற்றி எடுத்தேன். முள்ளின் குழாய் அச்சின் மேல் உட்கார்ந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது. லேசாகத் தட்டினால் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்த வேண்டும்.

அடுத்தது ஸ்டெம், அதாவது குமிழையும் மெஷினையும் இணைக்கும் கம்பி. இது வேண்டுமென்றே நீளமாகத்தான் வரும். கேஸுக்குத் தக்கபடி நாம்தான் வெட்ட வேண்டும். குமிழை மாட்டி உள்ளே தள்ளி, கேஸுக்கும் குமிழுக்கும் இடையே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவாக வெட்டி, மீதியை அரத்தால் ராவினேன். ராவு, மாட்டு, பார், கழற்று. ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. திருகி மூடும் குமிழ் என்றால் உள்ளே ஸ்பிரிங் வேறு இருக்கும், அளவு எடுப்பது இன்னும் சிக்கல். முதல் முறை செய்பவர்கள் சாதாரணக் குமிழே வாங்குங்கள்.

பின்மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவி மூடியாகிவிட்டது. அழுத்தச் சோதனை செய்யும் இடத்தில் கொடுத்துப் பார்க்கும் வரை தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகப் போவதில்லை.

இப்போதைய நிலவரம்: டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 12 நொடி வேகம். குமிழ் கீழே பார்க்க நிறுத்தினால் அது குறைகிறது. அதனால் இரவில் அப்படி வைத்தே பகல் வேகத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறேன். இந்த மெஷினுக்குக் கம்பெனி சொல்லும் வரம்பே ஒரு நாளைக்கு 20 நொடி தாமதத்திலிருந்து 40 நொடி வேகம் வரை. எனவே உள்ளே இருக்கும் வேகம் திருத்தும் நெம்புகோலை இப்போதைக்குத் தொடுவதாக இல்லை. மயிரிழை நகர்த்தினாலே கணக்கு மாறிவிடும்.

அடுத்து, மெஷினையே முழுசாகப் பிரித்துச் சேர்க்க ஆசை. அதற்கு சீகல் எஸ்.டி.36 பார்த்து வைத்திருக்கிறேன். பாக்கெட் வாட்ச்சுக்காகப் பிறந்த சுவிஸ் யூனிடாஸ் மெஷினின் சீன வார்ப்பு அது, 36.6 மி.மீ. அகலம், பாகங்கள் எல்லாம் பெரிசு பெரிசாக இருக்கும். கையாலேயே சாவி கொடுக்கும் வகை, அதனால் ஆட்டோமேட்டிக் சமாச்சாரங்களும் கிடையாது. ஒரே சிக்கல், அதற்கேற்ற கேஸ் என் மணிக்கட்டைவிட அகலமாக இருக்கும்போலத் தெரிகிறது.