முப்பது நிமிடப் பிறந்தநாள்

எங்கள் விளையாட்டில் புதிதாக உருவாகும் எந்தப் பாத்திரத்துக்கும் வயது 17. உள்ளே வந்த கையோடு ‘ஸ்கோர்’ என்று தட்டினால், “உங்கள் வயது 17. இன்று உங்கள் பிறந்தநாள்” என்று இரண்டு வரி வரும். விளையாட வந்தவனாகவும் பிறகு அங்கேயே வேலை பார்த்தவனாகவும் எத்தனையோ வருடம் அந்த வரிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் வேலையே அதற்குள்தான் இருக்கிறது என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

இது முழுக்க முழுக்க எழுத்தில் நடக்கும் ஆன்லைன் விளையாட்டு. படம் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தை நாலைந்து வரி விவரிக்கும்; எந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று சொல்லும்; நீங்கள் ஆங்கிலத்தில் கமாண்ட் தட்ட வேண்டும். அதே இடத்தில் வேறொருவர் இருந்தால் அவர் பெயரும் ஒரு வரியாகத் தெரியும். இந்த வகைக்கு ‘மட்’ என்று பெயர். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்ததுதான் முதல் மட். பிறகு 1990களின் தொடக்கத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ‘டிக்குமட்’ என்று ஒன்றை எழுதி, அதன் ப்ரோகிராம் வரிகளையும் வெளியிட்டார்கள். அதிலிருந்து 1993இல் ‘சர்க்கிள்மட்’ வந்தது. எங்களுடையது அந்த வம்சம்.

அந்த வம்சத்துக்கென்று ஒரு காலக்கணக்கு உண்டு. விளையாட்டுக்குள் ஒரு மணி நேரம் கடக்க நமக்கு 75 விநாடி போதும். ஒரு நாள் முடிய 30 நிமிடம். மாதத்துக்கு 35 நாள், வருடத்துக்கு 17 மாதம். கூட்டிப் பார்த்தால் அங்கே ஒரு வருடம் என்பது நமக்கு 12 நாளும் ஒன்பதரை மணி நேரமும். நீங்கள் லாகின் செய்தாலும் செய்யாவிட்டாலும் வயது ஏறிக்கொண்டே இருக்கும். இருபது வருடத்துக்கு முன் யாரோ உருவாக்கிய பாத்திரத்துக்கு இன்று வயது 600ஐத் தாண்டியிருக்கும். காயம் ஆறும் வேகம்கூட வயதைப் பொறுத்ததுதான்: நாற்பதுகளின் நடுவரை கூடும், பிறகு இறங்கும், 80க்கு மேல் ரொம்பவே மெதுவாகிவிடும். இதை எழுதிய மாணவர்கள், தங்கள் பாத்திரங்கள் 600 வயது வரை இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும்.

நிஜ வயதுக்கு வருகிறேன். 90களில் இணையம் என்றால் பெரும்பாலும் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் லேப்தான். ஆகவே அன்று விளையாடியவர்களுக்கு இருபது வயது சுமாராக இருக்கும். அவர்களில் ஒரு பகுதியினர் போகவே இல்லை. முன்பு “பரீட்சை வருது, ரெண்டு வாரம் வரமாட்டேன்” என்று எல்லோரும் பேசிக்கொள்ளும் சேனலில் சொல்லிவிட்டுப் போனவர்கள், பிறகு “குழந்தை தூங்கிட்டா, ஒரு மணி நேரம் இருக்கு” என்று வந்தார்கள். இப்போது “கண் ஆபரேஷன், பத்து நாள் ஸ்க்ரீன் பார்க்கக் கூடாதாம்” என்கிறார்கள். ஒரே பெயர், ஒரே வாள், ஒரே எழுத்துப்பிழைகள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் மனிதர்கள் மூப்படைவதை நான் இப்படி வரி வரியாகத்தான் பார்த்தேன்.

சரியான கணக்கு எங்களிடம் இல்லை. பதிவு செய்யும்போது 13 வயது ஆகிவிட்டதா என்று மட்டும்தான் கேட்போம். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைத் திரட்டுவதைக் கட்டுப்படுத்தி அமெரிக்காவில் 1998இல் ஒரு சட்டம் வந்ததிலிருந்து ஆன்லைன் சேவைகள் பலவற்றிலும் அந்த எண்தான் வாசற்படி. அதைத் தாண்டியவர் பதினான்கோ எழுபதோ, எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கேள்வி எழும்: நம் ஆட்களுக்கு வயதாகிறதே, இளைஞர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது?

அதற்கு நாங்கள் எடுத்த முதல் முயற்சி, நாற்பது படிகள் கொண்ட ஒரு பயிற்சிப் பகுதி. பார்த்துப் பார்த்துச் செய்தோம். பெரும்பாலோர் பத்தாவது படிக்குள் வெளியேறினார்கள். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கடைசி எட்டு வருடம் என் பொறுப்பு புதியவர்கள்தான். காலையில் வந்ததும் முந்தைய நாள் புதிதாகப் பிறந்த பாத்திரங்களின் லாகைப் படிப்பேன். யாரோடு என்ன பேசினார்கள் என்பது அதில் இருக்காது, இருக்கவும் கூடாது. என்ன கமாண்ட் தட்டினார்கள், எது புரியாமல் விளையாட்டு திருப்பியடித்தது, எந்த நிமிடத்தில் போனார்கள், அவ்வளவுதான் இருக்கும். புரியாத எதற்கும் எங்கள் விளையாட்டு சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: “ஹ?!” ரொம்பப் பழைய பதில் அது. பழைய ஆட்களுக்கு அதன் மீது பாசம்கூட உண்டு.

லாகைப் படித்துப் படித்து, முதல் பத்து வரியிலேயே ஒருவரின் வயது தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டது. ஒருவர் மூன்றாவது கமாண்டாக எக்ஸ், ஒய், இரண்டு இஸட், ஒய் என்ற ஐந்தெழுத்தைத் தட்டினார். அது 1970களின் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் வரும் மந்திரச்சொல். இந்த ஆள் அறுபதைத் தாண்டியவர் என்று முடிவு கட்டினேன். வடக்குக்கு ஒரே எழுத்து, சுற்றிப் பார்க்க ஒரே எழுத்து என்று சுருக்கித் தட்டினால் பழைய கை. முழு வாக்கியமாகத் தட்டினால் சாட் பண்ணியே வளர்ந்த இளைய தலைமுறை. அப்படித்தான் வகைப்படுத்தி வைத்திருந்தேன்.

ஒரு பாத்திரம் வந்தது. முதல் நிமிடத்திலிருந்தே ஒற்றை எழுத்துக் கமாண்டுகள், மின்னல் வேகம், பிழையே இல்லை. யாரோ பழைய ஆள் இரண்டாவது பாத்திரம் ஆரம்பித்திருக்கிறார் என்று நினைத்து, வரவேற்பு எதுவும் அனுப்பாமல் விட்டுவிட்டேன். மற்றவர்களும் அப்படியே நினைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அந்தப் பாத்திரம் முதல்முறையாக எனக்குத் தனிச்செய்தி அனுப்பியது: “இங்க யாராச்சும் புது ஆளுங்களோட பேசுவாங்களா?”

அவனுக்குப் பதினாறு வயது. பார்வை இல்லை. ஸ்க்ரீன் ரீடர் வழியாக விளையாடுகிறான். ஒவ்வொரு எழுத்தையும் வாசித்துக் காட்டும் மென்பொருளோடு வளர்ந்தவனுக்குச் சுருக்கித் தட்டுவது இயல்பு. அதற்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. படமில்லாத விளையாட்டு என்பதால் பார்வையற்றவர்கள் மட் உலகில் கணிசமாக உண்டு என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருந்தும் அவனை நான் பார்க்கவில்லை.

பேச்சுவாக்கில் அவன் இன்னொன்றும் சொன்னான். எங்கள் வாசல் பக்கத்தில் கோடுகளாலும் அடைப்புக்குறிகளாலும் வரைந்த ஒரு கோட்டை இருக்கிறது. நான் வரைந்தது. மூன்று இரவு உட்கார்ந்து செய்தேன். அவன் காதில் அது எப்படி விழுந்தது என்பதை அப்படியே தட்டி அனுப்பினான்: “சாய்கோடு சாய்கோடு அடிக்கோடு அடிக்கோடு அடிக்கோடு நேர்கோடு...” கோட்டை முழுவதும். ஒவ்வொரு முறை நுழையும்போதும். அன்று சாயங்காலமே அதை எடுத்துவிட்டு, “ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துகிறீர்களா?” என்ற கேள்வியை முதல் வரியாக வைத்தேன். அதற்கு ‘இல்லை’ என்று பதில் சொன்னவர்களுக்கு மட்டும்தான் இப்போது கோட்டை வரும்.

வயதை ஊகிப்பதை அன்றோடு விட்டேன். பார்ட்டில் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் மட் விளையாடுபவர்களைச் சாதிப்பவர், தேடித் திரிபவர், பழகுபவர், தாக்குபவர் என்று நான்காகப் பிரித்தார். பலமுறை படித்த கட்டுரைதான். அந்தப் பிரிவில் வயதே இல்லை என்பது அதற்கப்புறம்தான் என் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு லாகைப் படிக்கும் விதமே மாறியது. ஆள் யார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் கை நின்றது என்று பார்க்க ஆரம்பித்தேன். அப்படிக் கண்ணில் பட்டது ஒரு லாக். வந்தவர் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் நின்று, “தயவுசெய்து கதவைத் திற” என்று தட்டியிருக்கிறார். “ஹ?!” மறுபடியும் அதே வாக்கியம், இந்த முறை கடைசியில் முற்றுப்புள்ளியோடு. “ஹ?!” ஒன்பதாவது நிமிடத்தில் போய்விட்டார். எங்கள் விளையாட்டு முதல் சொல்லைத்தான் கமாண்டாக எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘ப்ளீஸ்’ முன்னால் வந்துவிடுவதால் மீதி வாக்கியத்தை அது பார்க்கவே இல்லை. ‘கதவைத் திற’ என்று அதட்டியிருந்தால் திறந்திருக்கும். மரியாதையாகக் கேட்டவருக்குத்தான் கதவு திறக்கவில்லை.

ப்ரோகிராமரிடம் போனேன். “இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான் இருக்கு சார், யாரும் புகார் சொன்னதில்லையே” என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். புகார் சொல்லியிருக்க வேண்டியவர்கள் ஒன்பதாவது நிமிடத்திலேயே போய்விட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் பத்துப் பதினைந்து வரி கோட் எழுதி, ‘ப்ளீஸ்’, ‘நான் விரும்புகிறேன்’ போன்றவற்றைத் தாண்டிப் போய் அடுத்த சொல்லைப் படிக்க வைத்தார். “ஹ?!” இருந்த இடத்தில், அந்த அறையில் என்னென்ன செய்யலாம் என்று ஒரு வரி சொல்ல வைத்தோம். பழைய ஆட்கள் சிலருக்குக் கோபம் வந்தது. விரும்பினால் பழைய பதிலைத் திரும்பப் பெறலாம் என்று ஏற்பாடு செய்தோம்.

கடினமான பகுதி பழைய ஆட்கள்தான். அவர்கள் புதியவர்களை வெறுப்பதாக வெளியே ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தது நேர் எதிர். வரவு குறைந்துபோன இடத்தில் ஒரு புதுப்பெயர் தெரிந்தால் அவர்களுக்கு இருப்புக்கொள்ளாது. “வணக்கம், எங்கே போகணும்?” என்று புதியவர் சேனலில் கேட்ட ஒரு நாளை என்னால் மறக்க முடியாது. ஏழு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஒருவர் வடக்கே போகச் சொன்னார், இன்னொருவர் கிழக்கே. மூன்றாமவர் முதலில் எந்தக் குலத்தில் சேருவது என்று விளக்கினார். நாலாமவர், 2004இல் அந்த வழி வேறு மாதிரி இருந்தது என்று ஆரம்பித்தார். புதியவரின் திரையில் 24 வரிதான் தெரியும் என்றால் அவர் கேட்ட கேள்வியே மேலே ஓடி மறைந்திருக்கும். ஃபோனில் இருந்திருந்தால் பாதி பதிலும் போயிருக்கும்.

அதோடு விடவில்லை. 500 வயதுப் பாத்திரம் ஒன்று நேரில் வந்து கவசம், வாள், பை நிறையப் பொற்காசு எல்லாம் கொடுத்துவிட்டுப் போனது. மனதார, அள்ளிக் கொடுத்தது. புதியவர் அந்த வாளோடு ஆரம்ப ஊரில் இருந்த எலி, நரி, திருடன் எல்லாவற்றையும் ஒரே வெட்டில் முடித்தார். மறுநாள் வரவில்லை. முதல் துருப்பிடித்த கத்தியைத் தானே தேடி எடுக்கும் சந்தோஷத்தை அன்பாலேயே பறித்துவிட்டோம்.

பழைய ஆட்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசினேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பதில் சொல்வது, ஒரு வாக்கியம் சொல்வது, பிறகு காத்திருப்பது, பொருள் எதுவும் கொடுக்காமல் இருப்பது. இந்தக் காத்திருப்பதுதான் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நிமிடத்துக்கு நூறு வார்த்தை தட்டும் கைகள். அப்போதுதான் ‘ஸ்கோர்’ வரியை எடுத்துக்காட்டினேன்: புதியவருக்கு அது பிறந்தநாள், விளையாட்டுக்குள் ஒரு முழு நாள், நமக்கு 30 நிமிடம். போகிறவர்களில் அநேகம் பேர் அந்த நாள் முடிவதற்குள் போய்விடுகிறார்கள். அந்த அரைமணி நேரத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்கள். கடிகாரம் வைத்துக் காத்திருக்கப் பழகினார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி நான் முறையில் இருந்தேன். புதுப்பெயர் ஒன்று வந்தது. வணக்கம் சொன்னேன், பதில் இல்லை. சேனல் பக்கம் கவனம் போகவில்லை போலும். அப்படி நிறையப் பேருக்கு நடக்கும். பத்து நிமிடம் ஆரம்ப அறைகளில் சுற்றினார். அதே கதவுக்கு வந்தார். “தயவுசெய்து கதவைத் திற” என்று தட்டினார். கதவு திறந்தது.

வந்தவர் வடக்கே போகவில்லை. கொஞ்ச நேரம் எதுவும் தட்டவில்லை. பிறகு, “நன்றி உங்களுக்கு” என்றார். எங்கள் விளையாட்டில் ‘நன்றி’ என்பது ஒரு கமாண்ட். அடுத்து வருவது ஒரு ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். “அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை” என்று பதில் வந்தது.

இருபத்தாறாவது நிமிடம். பிறந்தநாள் முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது. என் பாத்திரத்தை அந்த அறைக்குக் கொண்டுபோனேன். “நான் இருக்கிறேன்” என்று தட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவர் “வணக்கம்” என்றார். அவருக்கு என்ன வயது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.